காற்று எந்தப் பக்கம்

கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் நீ கடுப்பாகி இருப்பாய் என்று தெரியும். "எம்மா, அமோனியாம்மா. காதுல வுழுந்துச்சா? நம்ம ஐஸ் கம்பெனி அமோனியா. அத்த எரிச்சு ஓட்ற புதுக் கப்பலு. அதுல தான் என்னைப் போடறாங்க" என்று நீ சொன்னது நன்றாகவே விழுந்தது. "நீயும் நைனாவும் வேணாம்னா நான் போவல, வேற கப்பல் குடுப்பாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்" என்றதும் விழுந்தது. அப்போது நான் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தேன். நீ பேசி முடிக்கும் வரைக்கும் கை சீவிக்கொண்டே இருந்தது. "சரி, சாப்டியா?" என்றேன். "இன்னாம்மா நீ, கல்லு மாதிரி" என்று சொல்லிவிட்டு நீ வைத்துவிட்டாய். இல்லை, நான் வைத்தேனா நீ வைத்தாயா என்று இப்போது சரியாக நினைவில்லை. மீனை முழுக்கச் சுத்தம் செய்து, மஞ்சள் தடவி, குழம்பும் வைத்தேன்.

பேச்சில் எனக்கு "சரி", "சாப்டியா", "பாத்துக்கோ" மூன்றும் தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் எதிர் வீட்டுப் பையன் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். அம்மா புத்தகத் தமிழில் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். பேசுகிற மாதிரி எழுதினால் தமிழ் டீச்சர் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவார். பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்து இத்தனை காலமாகியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. மற்ற பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தான் நீ போன் செய்ததும் வீட்டுக்குள்ளேயே தேடினேன். பெற்ற மகள் விஷத்தின் மேல் படுத்துத் தூங்கப் போகிறேன் என்கிறாள். அழ வேண்டும், கத்த வேண்டும். ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வருமா என்று பார்த்தேன். வந்ததா இல்லையா என்று கடைசியில் சொல்கிறேன்.

எந்த வாசனையும் தெரியாமல் எனக்கு மூக்கு போனது உனக்குத் தெரியும். ஆனால் மூக்கு போனால் என்னவெல்லாம் கூடப் போகும் என்று உனக்குத் தெரியாது. மார்க்கெட்டில் நான் மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அமுக்கித் தான் வாங்குகிறேன். இருந்தாலும் வெயில் நாளில் ஒரு சந்தேகம் வந்துவிடும். பக்கத்துக் கூடைக்காரி, நம் தெருக் கன்னியம்மாவிடம் நீட்டுவேன். அவள் மோந்து பார்த்து, "எடு, நல்லா தான் கீது" என்பாள். இல்லாவிட்டால், "தூரப் போடு, கலீஜு" என்பாள். "உன் மூக்கு என் மூஞ்சில கீது, ஞாபகம் வெச்சிக்கோ, நான் செத்தா நீ யாபாரத்த வுட்ற வேண்டியது தான்" என்று தினமும் ஒரு தரமாவது சொல்லிக் காட்டுவாள். வீட்டில் பால் தீய்ந்தால் உங்கள் நைனா தான் ஓடி வருவார். மணலி ஆலைகள் பக்கத்திலிருந்து நாற்றம் கிளம்பும் நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கும். நான் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன். "இன்னாக்கா, உனுக்கு ஒண்ணும் பண்லியா?" என்பார்கள். எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. இந்த "ஒண்ணும் பண்லை" மூக்கிலிருந்து மெல்ல இறங்கி நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது என்று தான் நினைத்தேன்.

நீ ஏன் கப்பலுக்குப் போனாய் என்று எல்லோரும் என்னைக் கேட்பார்கள். பெண் பிள்ளையை எஞ்சின் ரூமுக்கு அனுப்பிவிட்டாளே என்று முதுகுக்குப் பின்னாலும் பேசுவார்கள். நான் சொல்வது ஒரே பதில் தான்: கருவாடு. மாடியில் நெத்திலி காயப்போட்டிருப்பேன். காயும்போதே அதன் மேல் கருப்புத் தூள் படியும். நீ சின்னவளாக இருந்தபோது, "மிளகுத்தூள் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டு ஒரு நெத்திலியை வாயில் போட்டுத் துப்பினாய். அப்புறம் அந்தத் தூளை விரலில் எடுத்து மாடிச் சுவர் முழுக்க மீசை வைத்த மூஞ்சிகளாக வரைந்தாய். நான் அடிக்க வந்தபோது, "இது யாரோட கருப்பு?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. நைனாவைக் கேட்டாய். பக்கத்து வீட்டில் கேட்டாய். நிலக்கரி என்றார் ஒருவர், லாரி என்றார் ஒருவர், ஆலை என்றார் ஒருவர், வரிசையில் நிற்கிற கப்பல் விடுகிற புகை என்றார் இன்னொருவர். யாரைக் கேட்டாலும் கை அடுத்தவன் பக்கம் தான் நீண்டது. நாங்கள் கருவாட்டைத் தட்டிவிட்டு விற்றோம். நீ மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை.

கப்பல் எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்றபோது, நான் நீ கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். கடல் தான் வாசலிலேயே இருக்கிறதே, அதற்கு எதற்குப் படிப்பு என்று கேட்டேன். முதல் கப்பலிலிருந்து வந்தபோது உன் நகக்கண்ணெல்லாம் கருப்பு. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய், "எம்மா, அந்தக் கருப்பு எங்குளுதும் தான். தார் மாதிரி எண்ணெ, அத்த சூடு பண்ணி எரிக்கிறோம். கரைல நிக்கும்போதும் லைட்டுக்காக எஞ்சின ஓட்டிகினே இருப்போம். கெளம்பற புகை எங்க போவும், நம்ம மாடிக்குத் தான்." குற்றவாளியைப் பிடித்த போலீஸ் மாதிரி உனக்கு ஒரு சந்தோஷம். உடனேயே முகம் வாடிவிட்டது, நீயும் அந்தக் கூட்டத்தில் தான் சம்பளம் வாங்குகிறாய் என்று நினைத்தாயோ என்னவோ. நான் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு புதுச் சேதியோடு வந்தாய். கந்தகம் குறைந்த எண்ணெய் தான் எரிக்க வேண்டும் என்று உலகத்துக்கே சட்டம் வந்துவிட்டது என்றாய். கரைக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டில் பிளக் சொருகுகிற மாதிரி துறைமுகத்திலிருந்தே கரண்ட் வாங்கிக்கொள்கிற ஏற்பாடு வருகிறது என்றாய். கப்பல் மெதுவாகப் போனாலே பாதி எண்ணெய்ச் செலவு குறையும் என்று இப்போது தான் முதலாளிகளுக்குப் புத்தி வந்திருக்கிறது என்றாய். "அத்த எங்க சித்தப்பாவக் கேட்டிருந்தா கட்டுமரத்துலயே சொல்லியிருப்பாரு" என்று நான் நக்கல் அடித்தேன். எண்ணூர்க் கழிமுகத்தில் காக்கா ஆழி என்கிற சிப்பி பரவி, சேற்றில் கைவிட்டு இறால் பிடிக்கிறவர்களின் கையையெல்லாம் கிழிக்கிறது என்று நான் சொன்னபோது, கப்பல் தன் வயிற்றில் ஊற்றிக்கொண்டு வருகிற தண்ணீரில் தான் அந்த மாதிரிச் சிப்பியெல்லாம் ஊர்விட்டு ஊர் போகிறது, இனிமேல் அந்தத் தண்ணீரைச் சுத்தம் பண்ணாமல் வெளியே விடக் கூடாது என்றாய். "வந்த சிப்பியை என்ன பண்ணுவது?" என்றேன். சட்டம் வந்ததால் வந்த சுத்தம் தானே, மனசு வந்து வந்ததா என்று கேட்டேன். "எதுனால வந்தா இன்னாம்மா, புகை கொறஞ்சா போதாதா?" என்றாய். அதுவும் நியாயம் தான். மாடியில் கருப்பு முன்னை விடக் கொஞ்சம் குறைந்திருக்கிறதோ என்று எனக்கே ஒரு நினைப்பு. கருவாட்டைத் தட்டுகிற பழக்கம் மட்டும் எனக்கு விடவில்லை.

இப்போது அமோனியா. அதை எரித்தால் கரிப் புகையே கிடையாது, அதில் கரியே இல்லை, உலகம் சூடாகாது என்று ஒரு வாத்தியார் மாதிரி நீ போனில் விளக்கினாய். கொரியாவில் கப்பல் கட்டுகிற இடத்திலேயே உங்களுக்குப் பாடம் நடக்கிறது என்றும், இரட்டைக் குழாய், மோப்பம் பிடிக்கிற மிஷின், முகமூடி எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாயே, அது தான் என் மண்டையில் நிற்கிறது. "எம்மா, அந்தக் கிளாஸ்ல அத்த மோந்தவ நான் ஒருத்தி தான். மீதிப் பேருக்கு அது வெறும் பேரு." உலகத்துக்கே நல்லது வருகிறது, நான் வேண்டாம் என்று சொல்ல யார். ஆனால் அந்த நல்லது ஏன் நாலு பக்கமும் சுற்றிவிட்டு என் வீட்டுப் பிள்ளையின் மூக்கிலேயே வந்து நிற்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. நாளைக்கு அந்தக் கப்பலுக்கு ஊற்றுவதற்கான தொட்டியை எந்தக் கரையில் வைப்பார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் நீ சரியான பதில் வைத்திருப்பாய். நீ படித்தவள்.

ஐஸ் கம்பெனி நாளைப் பற்றி நாம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியதே இல்லை. உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ எனக்குத் தெரியாது. நைனா அப்போது அங்கே மிஷின் ஓட்டினார். ஐஸ் உறைய வைக்கிற குழாயில் ஓடுவது அமோனியா. அது எப்போதும் கொஞ்சம் கசியும். அந்த வாசனை மூத்திரச் சந்து மாதிரி சுர்ரென்று ஏறும், கண்ணில் தண்ணீர் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இருமினால் பழையவர்கள் சிரிப்பார்கள், "பயகிடும் மாமு, பயகிடும்" என்பார்கள். நைனாவும் சிரித்தவர் தான். ஐஸ் வாங்க வருகிற எங்களுக்கும் பழகியிருந்தது. நாற்றம் வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வரிசையிலேயே நிற்போம். நகர்ந்தால் இடம் போய்விடும், ஐஸ் கிடைக்காது, மீன் கெட்டுவிடும். நாம் பயப்பட வேண்டிய சாமானை நம் ஊரில் இப்படித் தான் பழக்கிவைத்திருந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் படகெல்லாம் வந்து ஏலம் முடிந்திருந்தது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று கூட்டி வந்திருந்தேன். யூனிபார்ம், ரெட்டைப் பின்னல், கையில் நீ அடம் பிடித்து வாங்கிய சிவப்புக் கண்ணாடி வளையல். வரிசையில் நின்றோம். உள்ளே ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஜன்னல் வழியாக வெள்ளையாக வந்தது. புகை மேலே போகும், இது கீழே இறங்கித் தரையோடு தரையாக வந்தது. யாரோ "கேஸு, ஓடு" என்று கத்தினார்கள். நம் ஜனம் எந்தப் பக்கம் ஓடும்? போலீஸ் வந்தாலும் கடல், சண்டை வந்தாலும் கடல், தீப்பிடித்தாலும் கடல். எல்லோரும் ரோட்டைத் தாண்டிக் கரைக்கு ஓடினோம். அது கரைக்காற்று அடிக்கிற நேரம். நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும். அந்தக் காற்றைப் பிடித்துத் தான் அங்கே இருந்த ஆண்களெல்லாம் விடியலுக்கு முன்னால் படகை எடுத்திருந்தார்கள். முதுகில் காற்று பட்டாலே திசை சொல்லக்கூடிய ஜனம், அந்தக் காற்றோடு சேர்ந்து, அந்த வெள்ளைப் புகைக்கு முன்னால், அது போகிற பக்கமே ஓடியது.

நீ வர மாட்டேன் என்றாய். "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டு கம்பெனியின் பின்பக்கம் போகிற சந்துக்கு என் கையை இழுத்தாய். நான் உன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இழுத்தேன். வளையல் உடைந்து என் விரலிலும் உன் கையிலும் ஏறியது. அதெல்லாம் அப்போது தெரியவில்லை. மணலில் கால் புதைந்து விழுந்தேன், உன்னை அடியில் போட்டு மேலே படுத்து, உன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெய் வாசனை. காலையில் நானே தடவிப் பின்னிவிட்ட எண்ணெய். அது தான் நான் கடைசியாக மோந்தது. அதற்கப்புறம் நெருப்பை மூச்சில் இழுத்த மாதிரி இருந்தது. யாரோ நம் இரண்டு பேரையும் காலைப் பிடித்து அலைக்குள் இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் பட்டதால் தான் கண் தப்பியது என்று பிறகு டாக்டர் சொன்னார். அதனால் ஊரில் எல்லோரும், "கடலம்மா தான் காப்பாத்துனா" என்று சொல்லி விழுந்து கும்பிட்டார்கள். நாம் ஓடிய பக்கம் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்கு மூச்சுக்கு மாஸ்க் போட்டிருந்தார்கள். நைனா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். சட்டை கசங்கவில்லை, இருமல் இல்லை, கண் சிவக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வால்வை மூடிவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்திருக்கிறார். அது மேற்குப் பக்கம். காற்று அவருக்குப் பின்னாலிருந்து அடித்ததால் அவர் நின்ற இடத்தில் நாற்றம் கூட இல்லை. நீ மாஸ்கைத் தள்ளிவிட்டு, சந்தோஷமாகத் தான் கேட்டாய், "நைனா, உனுக்கு ஒண்ணும் ஆவலியா?" என்று. குழந்தை கேட்ட கேள்வி. அவர் வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் ஐஸ் கம்பெனிக்கும் அவர் போகவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றப் போனார். முன்னெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். நீ பார்த்து வளர்ந்தது வேறு ஆள்.

அந்த வாரமே அவர் ஒரு பழைய லுங்கியை நீளமாகக் கிழித்து, மாடியில் துணி உலர்த்துகிற கொடிக்கம்பத்தின் உச்சியில் கட்டினார். நைந்து போனால் இன்னொன்று. விடிந்ததும் மாடிக்குப் போய் அந்தத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத் தான் பல் துலக்குவார். தெருவில் பையன்கள், "இன்னா நைனா, இது எந்தக் கட்சிக் கொடி?" என்று கலாய்ப்பார்கள். "எந்தக் கட்சி ஜெயிச்சாலும் இது தான் கொடி" என்று கன்னியம்மா ஒரு நாள் பதிலடி கொடுத்தாள். நீ காலேஜ் போகிற வயதில், தோழிகள் வந்தால் மானம் போகிறது, அதை அவிழ்க்கச் சொல் என்று என்னிடம் சண்டை போட்டாய். நானும், "பேஜாரா கீது, அவுத்துப் போடேன்யா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் காதில் வாங்கவில்லை. எதற்காகக் கட்டுகிறார் என்று நாம் இரண்டு பேரும் கேட்கவே இல்லை பார். நாற்றம் அடிக்கிற ஊரில் காற்றைப் பார்க்கிறார், வேறு என்ன, என்று நான் விட்டுவிட்டேன்.

நீ போன் செய்த அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். "பாப்பா அமோனியா கப்பல்ல போவுதாம். நீயும் நானும் சரின்னு சொல்லணுமாம்." பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் நீ வீடியோவில் வந்து கப்பலைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா, அப்போது என் தோளுக்குப் பின்னால் அவர் வந்து நின்றதை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் நீளத் துணிப் பை ஒன்று காற்றில் உப்பி ஆடிக்கொண்டிருந்தது. நீ அதைக் காட்டாமல் தாண்டிப் போனாய். "நிறுத்து, நிறுத்து, அது இன்னா?" என்று அவர் கேட்ட குரலில் நானே திடுக்கிட்டேன். "காத்துப் பாக்கறதுக்கு நைனா. கேஸ் வுட்டா எந்தப் பக்கம் ஓடணும்னு" என்றாய். "பின்னாடி நிக்கறவனுக்குத் தெரியுமா?" என்றார். "எங்க நின்னாலும் ஒண்ணு கண்ணுல படும் நைனா, அப்புடித் தான் கட்டியிருக்காங்க" என்றாய். அவர் தலையை ஆட்டினார். அவர் கட்டிய துணி உன் கப்பலில் முன்னாலேயே பறந்துகொண்டிருந்தது.

நீ வைத்ததும் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். நான் உள்ளே போக எழுந்தேன். "நான் பாத்துகினு தான் நின்னேன்" என்றார். எதை என்று கேட்கவில்லை, தெரிந்துவிட்டது. "நான் பின்னாடி சந்துல, நல்ல காத்துல நின்னுகினு கீறேன். நீங்க அத்தினி பேரும் அதுக்குள்ளயே ஓட்றீங்க. தொண்ட கிழியக் கத்துனேன், எவனுக்கும் கேக்கல. பாப்பா மட்டும் என் பக்கம் இழுத்துச்சு. உன் கையப் புடிச்சு இழுத்துகினே இருந்துச்சு. நீ வுடல." குற்றம் சொல்கிற குரல் இல்லை. வானிலை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, கண்ணு. இத்தனை வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்தாயா, பாவி மனுஷா, என்று கையில் இருந்த முறத்தை அவர் மேல் வீசினேன். முறம் போய்த் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. அவர் பயந்துபோய்ப் பார்த்தார். நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நடுவில் கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, மூக்கு திரும்பி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மூக்கு வரவில்லை. ஆனால் கோபம் வந்ததே, அழுகை வந்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. பயமும் வந்தது. நீ கேட்டபோது வர வேண்டிய பயம் தாமதமாக வந்து இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இருக்கட்டும், வந்ததை விரட்ட மாட்டேன்.

உனக்கு நான் என்ன புத்தி சொல்ல முடியும். அங்கே இருக்கிற மிஷின் பெயர் கூட எனக்கு வாயில் நுழையாது. ஒன்றே ஒன்று தான் கேட்கிறேன். அந்தக் கப்பலில் யாராவது உன்னிடம் "பழகிவிடும்" என்று சொன்னால் நம்பாதே. கொஞ்சம் நாற்றம் தானே, இந்த வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று வரிசையில் நின்றவர்கள் நாம். புதிதாக வருகிற ஒருத்தன் இருமினால் சிரிக்காதே. அவன் மூக்கு தான் நல்ல மூக்கு. உனக்கு ஒரு நாள் எதுவுமே உறைக்கவில்லை என்றால், அம்மா மாதிரி சோறு தின்றுகொண்டு உட்காராதே, உடனே யாரிடமாவது சொல். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்படாதே. பெரிய ஆபீஸர் ஆகிவிட்டால் அதைச் சொல்லக் கூடாது என்று நீயே ஒரு சட்டம் போட்டுக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். ஓட வேண்டி வந்தால் கூட்டம் ஓடுகிற பக்கம் ஓடாதே. அந்தத் துணியைப் பார். கூடவே இன்னொருத்தர் கையையும் பிடித்து இழு. அவர்கள் வர மாட்டேன் என்பார்கள், நான் வந்தேனா? கத்து, கடி, எதுவானாலும் செய்.

இன்று காலையில் நைனா மாடித் துணியை மாற்றினார். லுங்கி வேண்டாம் என்று என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். கட்டிவிட்டுக் கீழே வந்து, "பாப்பாக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார். "உன் பதிலு இன்னா, அத்தச் சொல்லு மொதல்ல" என்றேன். "அன்னிக்கே அது சரியான பக்கம் தானே இழுத்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அது தான் அவர் பதில். அதற்கு மேல் அவரிடமிருந்து எதிர்பார்க்காதே.

என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். உன் இடது மணிக்கட்டில் அந்த வளையல் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் நீ தூங்கிய பிறகு நான் அதைத் தடவிப் பார்ப்பேன், உனக்குத் தெரியாது. உன்னைக் காப்பாற்றிய அடையாளம் என்று நினைத்துத் தான் இத்தனை காலம் தடவினேன். நீ போக வேண்டிய பக்கம் போக விடாமல் நான் பிடித்த அடையாளம் அது. எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, கண்ணு, நன்றாகவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் இந்தத் தடவை கையை விட்டுவிட்டேன். நீ போ.

உன் அம்மா